மச்சான் கொடுத்த ரத்தம்

"அந்த டம்ளரைத் தொடாதே. உனக்குத் தனியா வெச்சிருக்கேன்" என்றார் மேஸ்திரி.

சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் கையை இழுத்துக்கொண்டான். மருத்துவ முகாமில் எடுத்த ரத்தத்தில் ஈரலைத் தின்னும் கிருமி இருக்கிறது, மறுபரிசோதனைக்கு வா என்று நர்ஸ் தேடி வந்ததிலிருந்து கிடங்கே அவனை விட்டு விலகி நின்றது.

அது அவன் ரத்தமே இல்லை. நோய் என்று வந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, அதே கிடங்கில் வேலை செய்யும், கல்லுக்குண்டு மாதிரி இருக்கும் மச்சானைத் தன் பேரில் முகாமுக்கு அனுப்பியிருந்தான். உண்மையைச் சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். மறுபரிசோதனைக்குப் போகாமல் நழுவினான்.

நர்ஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள். "நீயும் பரிசோதனைக்கு ரத்தம் குடும்மா" என்றாள் அவன் மனைவியிடம்.

மனைவி அவனை முறைத்தாள். "எவகிட்ட வாங்கிட்டு வந்தே?"

"ஒரே பிளேடுல நாலு பேர் சவரம் பண்ணாலே வரும்மா" என்றாள் நர்ஸ். "ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. மாத்திரை இருக்கு, குணமாயிடும். விட்டா ஈரல் சுருங்கிடும்."

கிடங்கில் எல்லார் தாடையிலும் ஓடுவது ஒரே கத்திதான். அன்றிரவு அவன் பாய் வாசலுக்குப் போனது.

மறுநாள் மேஸ்திரி அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "போய் மாத்திரையை வாங்கிட்டு வாடா. எங்கிட்ட குடு. பத்திரமா வெச்சுக்கறேன்."

கால் வீங்கி, நாலு படி ஏறினாலே மூச்சிரைக்கிற மனுஷர். அந்த அக்கறையில் அவனுக்குக் கண் கலங்கியது.

வேலையா, மச்சான் உயிரா? நர்ஸ் மறுபடி கிடங்குக்கு வந்தபோது எல்லார் முன்னாலும் மச்சானைக் காட்டிப் போட்டு உடைத்தான். "அது என் ரத்தம் இல்லம்மா. இவன் ரத்தம். வேலை போனாப் போகட்டும், மாத்திரையை இவனுக்குக் குடுங்க."

கூட்டம் இப்போது மச்சானை விட்டு விலகியது. மேஸ்திரி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் முன்னால் வந்தான். "நான் எங்க மாமா குடுத்தேன்? ஊசியைப் பாத்ததும் தலை சுத்தி உக்காந்துட்டேன். 'உன் மாமா பேரைச் சொல்லி நான் குடுக்கறேன், எவன்கிட்டயும் மூச்சு விடாதே'ன்னு கையை நீட்டினது நம்ம மேஸ்திரி!"