ஒரே சண்டையில் இரண்டாம் முறை சாக மறுத்தவன்

சினிமாவில் அடி வாங்குகிறவனுக்கு உடம்பு வேண்டும், கொஞ்சம் தைரியம் வேண்டும், ஞாபகசக்தி மட்டும் இருக்கவே கூடாது. எனக்கு இருந்தது அது ஒன்றுதான்.

ஸ்டண்ட் நடிகனாக என் வாழ்க்கை தொடங்கியதும் உச்சத்தைத் தொட்டதும் முடிந்ததும் ஒரே செவ்வாய்க்கிழமையில். சென்னை வெள்ளத்துக்கு அடுத்த வருஷக் கோடை. (சனிக்கிழமை என்கிறாள் மனைவி கிரேஸ். சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் கிடையாது. அன்று நான் போனில் லீவு சொன்னேன். ஆகவே அவள் கட்சி தோற்றது.)

கிரேஸின் தம்பி செல்வின்தான் உண்மையான ஸ்டண்ட் நடிகன். தாம்பரத்தில் கராத்தே கற்று, கதாநாயகர்களிடம் உதை வாங்கியே சேலையூரில் வீடு கட்டியவன். எந்தப் படத்தில் எந்தக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்தான் என்று வருஷவாரியாகச் சொல்ல அவனால் முடியாது, என்னால் முடியும். வீட்டில் படம் ஓடினால் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்துகிறவன் நான். "பாரு, வாட்ச் இடது கையில இருந்துச்சு, இப்ப வலது கையில." அதற்குப் பிறகு அறையில் நானும் டிவியும் மட்டும் இருப்போம்.

அந்த வாரம் செல்வினுடைய ஸ்டண்ட் மாஸ்டருக்கு முதுகுப் பிடிப்பு. ஒரு சின்னப் படத்தில் ஒரு சண்டையைத் தனியாக அமைக்கும் வாய்ப்பு முதல்முறையாக இவனுக்கு வந்தது. வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட்டால் அடுத்த படத்துக்கு நீதான் மாஸ்டர் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். காலையில் பார்த்து ஓர் ஆள் வரவில்லை. செல்வின் என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், நீங்க பிரவுன் பெல்ட்தானே. சும்மா ஓடி வந்து விழணும், அவ்ளோதான்."

பிரவுன் பெல்ட் உண்மைதான். கல்லூரிக் காலத்து உண்மை. இப்போது அந்த பெல்ட் என் இடுப்பைச் சுற்றி வந்தால் முடிச்சுப் போட மிச்சம் இருக்காது.

படப்பிடிப்பு முடிச்சூரில், பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். வெள்ளம் நின்ற கோடு சுவரில் தோளுயரத்துக்கு அப்படியே இருந்தது. அதைப் படமெடுத்துக்கொண்டிருந்த என்னை இழுத்துக் கறுப்புச் சட்டை மாட்டிவிட்டார்கள்.

கதாநாயகன் புதுமுகம், தங்கமான பையன், எல்லோரையும் அண்ணா என்றான். அவன் காலைச் சுழற்ற, அது என் மேல் படாமலே நான் மணல் குவியலில் விழ வேண்டும். விழுந்தேன். "ஓகே" என்றார் இயக்குநர். நான் அசையவில்லை. செத்தவன் பின்னணியில் கிடக்க வேண்டாமா? அடுத்த ஷாட்டில் பிணம் காணாமல்போனால் பார்க்கிறவன் கேட்க மாட்டானா? எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். எறும்புகள் வந்தன. கடைசியில் சண்டைக்காரர்களில் மூத்தவரான டில்லி அண்ணன் கிளாஸோடு வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா சார், தூக்கமா? டீ ஆறிக்கினு கீது."

"நான் செத்துட்டேண்ணா. எழுந்தா கன்டினியுட்டி போயிடும்."

"பொணம் இங்கிலீஷ்லாம் பேசுது," என்றார் டில்லி அண்ணன் யாரிடமோ. "எந்திரி சார். மஞ்ச சட்ட மாத்திக்கினு வந்து இன்னொரு வாட்டி சாவணும்."

அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். இருப்பது கொஞ்சம் ஆட்கள். அவர்களே சட்டை மாற்றிக்கொண்டு வேறு தூணுக்குப் பின்னாலிருந்து வந்தால் ஒரு பட்டாளம் ஆகிவிடும். நான் நேராக செல்வினிடம் போனேன்.

"நான் அங்க விழுந்து கெடக்கேன்பா. இங்கேர்ந்து எப்படி வருவேன்?"

"சட்டை மாத்தினா வேற ஆளு அத்தான்."

"மூஞ்சி?"

"உங்க மூஞ்சிய யாரு பாக்கப் போறா? ஹீரோவத்தான் பாப்பாங்க."

"நான் பாப்பேன்."

"நீங்க பாப்பீங்க. அதனாலதான் அக்கா உங்களோட தியேட்டருக்கு வர்றதில்ல. வெளிச்சம் போகுது அத்தான், உங்க கால்ல வேணா விழறேன்."

மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை நாயகனின் முஷ்டி என் கன்னத்தை உரசாமல் காற்றில் போகும். நான் தலையைத் திருப்பி விழ வேண்டும். ஒத்திகையில் எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் நிஜ ஷாட்டில் ஓடி வரும்போது கேமரா நேரே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தமிழ்நாடு முழுக்க ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களை ஒரு கணம் நினைத்தேன். 'கறுப்புச் சட்டைக்காரன்தானே இவன்?' என்று அவர்கள் கேட்பது காதில் விழுந்தது. சட்டென்று கையை மடக்கி முகத்தை மறைத்தேன்.

முஷ்டி, பேசி வைத்த பாதையில் வந்தது. பாதையில் என் முழங்கை இருந்தது. (கராத்தே கற்ற காலத்திலிருந்து என் உடம்பில் தேயாமல் இருக்கும் ஒரே பாகம் அதுதான்.)

"அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான் பையன். ஐஸ் கட்டி வந்தது, டாக்டர் வந்தார். எலும்பு முறிவில்லை, ஆனால் வலது கையை இன்றைக்கு மடக்க முடியாது என்றார். இயக்குநர் சூரியனைப் பார்த்தார், பிறகு செல்வினைப் பார்த்தார், போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். செல்வின் ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான்.

"நான் வேணா டைரக்டர்கிட்ட பேசிப் பாக்கட்டுமா?"

"நீங்க எதுவும் பண்ணாதீங்க அத்தான். அதுதான் எனக்குப் பெரிய உதவி."

ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். கிரேஸிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்வின் எழுந்து பையனிடம் போவது தெரிந்தது.

"தம்பி, அந்தக் கைய பேன்ட் பாக்கெட்ல விட்டுக்க முடியுமா?"

"முடியும்ணா."

"இடது கைல அடிப்பியா?"

"நான் சாப்பிடுறது தவிர எல்லாமே இடது கைதாண்ணா."

மிச்சச் சண்டை முழுவதையும் செல்வின் அங்கேயே மாற்றிப் போட்டான். பையன் வலது கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பல்லாவரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி சாவகாசமாக நின்றபடி, டில்லி அண்ணன் முதலான அத்தனை பேரையும் இடது கையாலும் காலாலும் சாய்த்தான். மானிட்டருக்குப் பின்னால் இயக்குநர் சிரிக்கிற சத்தம் கேட்டது. வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே வேலை முடிந்தது.

"இத ஏன்யா காலைலயே சொல்லல?" என்றார் இயக்குநர்.

"இப்பதான் சார் தோணுச்சு," என்றான் செல்வின், என் பக்கம் திரும்பாமல்.

படம் ஓடவில்லை. ஆனால் அந்த ஒற்றைக் கைச் சண்டை மட்டும் எல்லோருடைய போனிலும் ஓடியது. அடுத்த படம் செல்வினுக்குத்தான். இன்று அவன் மாஸ்டர். எந்த ஊரில் படப்பிடிப்பு என்று மட்டும் என்னிடம் சொல்ல மாட்டான்.

போன கிறிஸ்துமஸுக்கு அவன் வீட்டு விருந்துக்கு அந்த நாயகனும் வந்திருந்தான். இப்போது பெரிய ஆள். நான் குலுக்கக் கையை நீட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே வலது கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டான். அவ்வளவுதான், செல்வின், அவன் பையன்கள், என் சொந்த மகள் உட்பட வரிசையாக எல்லாக் கைகளும் உள்ளே போயின. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எனக்குக் கை கொடுப்பதில்லை. புத்தாண்டு ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் ஆயர்கூட, என்னைக் கண்டதும் அங்கியில் பாக்கெட்டைத் தேடினார். கிடைக்காமல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.