திட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபையர்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை, அந்தக் காலத்தில் எந்த வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபையர் இருந்தாலும், அது காதுக்காரரின் மனைவியிடம் திட்டு வாங்காமல் உள்ளே வந்திருக்காது. மற்ற ஊர்க்காரர்கள் பழைய சாமான் வாங்குமுன் நாலு பேரைக் கேட்பார்கள். நாங்கள் காதுக்காரர் ஒருவரைத்தான் கேட்போம்.

காது கூர்மையால் அந்தப் பெயர் பெற்றவர், சேக்காட்டில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். வேலை பார்த்த தொழிற்சாலையில் எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். அதை முடுக்கியவன் பெயரையும் சேர்த்துச் சொல்வார் என்பார்கள். அதை நான் பாதிதான் நம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு வேலை நிரந்தரமானதும் ஆம்ப்ளிஃபையர் பித்துப் பிடித்தது. கேசட் டெக்கும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருந்தன. வெளிநாட்டுப் பெட்டி புதிதாக வாங்க நம் ஜாதகத்தில் இடமில்லை. யாராவது கேட்டு அனுபவித்ததுதான் நமக்கு.

"காதைக் குத்தாம, வெதுவெதுன்னு இருக்கணும்ணே" என்றேன்.

"குளிக்கத் தண்ணி கேக்குற மாதிரி கேக்குறியே. சர்தான், ஞாயித்துக்கெழம கெளம்பு" என்றார்.

முதலில் முகப்பேரில் ஒரு அடுக்குமாடி வீடு. பச்சையும் சிவப்புமாக விளக்குகள் ஓடும் பெட்டி. பார்த்த மாத்திரத்தில் நான் விழுந்துவிட்டேன். காதுக்காரர் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். "கனமே இல்ல. கனமில்லாத பொட்டி, கனமில்லாத ஆளு, ரெண்டும் சும்மா கூவும்." பிறகு மேல்மூடித் துளைகளில் மூக்கை வைத்து முகர்ந்தார். கருகல் வாடை வந்தால் உள்ளே ஏதோ ஒரு காலத்தில் புகைந்திருக்கிறது என்று அர்த்தமாம். வீட்டுக்காரர் ஆசையாக ஒரு பாட்டு கேசட்டை நீட்டினார். வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார்.

"யோவ், காலைலேர்ந்து அந்தப் பொட்டிய நோண்டிக்கினு கீறியே, அது சோறு போடுமா ஒனக்கு? மீன் கொழம்பு ஆறிக்கினு கீது. வந்து துன்னுட்டுப் போய் நோண்டு."

ஸ்பீக்கரில் அண்ணி, அதாவது அவர் மனைவி. எப்போதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்கைச் சோதிக்க ரெக்கார்டரை ஓடவிட்டபோது தானாக வந்து விழுந்த திட்டு. அரை மணி நேரம், மூச்சு விடாமல். விளக்குப் பெட்டியில் அந்தக் குரல் தகரத்தைத் தரையில் இழுத்தது போல வந்தது. மேல்மாடிக்காரர்கள் சண்டையை விலக்க ஓடி வந்துவிட்டார்கள். நாங்கள் நழுவினோம்.

அடுத்து குமணன்சாவடியில் மர வியாபாரி பாய் ஒருவரின் வீடு. மரச்சட்டம் போட்ட பெட்டி, ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, ஆட்டுக்கல் கனம். அதே கேசட், அதே திட்டு. காதுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எட்த்துக்க நைனா. கொழம்பு வாசன வருது."

பாய்க்கும் வந்திருக்க வேண்டும். எங்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வைக்கும்படி உள்ளே குரல் கொடுத்தார்.

வினை ஒரு வாரம் கழித்து மீன் மார்க்கெட்டில் வந்தது. அண்ணி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற முகப்பேர் வீட்டுக்கார அம்மாள் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, கொழம்பு ஆறுதுன்னு கத்துனது நீங்கதானே? எங்க வீட்டு ஸ்பீக்கர்ல கேட்டோம். காதே போச்சு."

அன்றிலிருந்து அண்ணி காதுக்காரரிடம் பேசவில்லை. திட்டவும் இல்லை. தட்டை வைப்பார், போய்விடுவார். ஒன்பதாம் நாள் காதுக்காரர் பாதி ஆளாகி என்னிடம் வந்தார்.

"ஊரெல்லாம் என்ன ராட்சசின்னு காட்டிட்டியேன்னு ஒரு வார்த்த சொன்னா. அதோட சரி. ஊட்ல சத்தமே இல்ல நைனா. நேத்து ஒரு எஞ்சின தப்பா சொல்லிட்டேன்."

எஞ்சினையே தப்பாகச் சொன்னார் என்றால் விஷயம் முற்றிவிட்டது. அண்ணியிடம் போய், "ஒரே ஒரு தடவ எங்க வீட்ல வந்து கேளுங்க. அப்புறம் கேசட்ட நீங்களே ஒடச்சிடுங்க" என்று கெஞ்சினேன். வந்தார். உடைக்கவே வந்தது போலத்தான் நின்றார். காதுக்காரரும் கேசட்டோடு வந்து சேர்ந்தார். என் பெட்டியும் தகரமாகப் பேசினால் ஒரு குடும்பம் பிரிந்த பாவம் எனக்கு என்று நினைத்தபடி பொத்தானை அழுத்தினேன்.

திட்டு ஓடியது. கரண்டி சட்டியில் தட்டுவதுகூடக் கேட்டது. நடுவில் காதுக்காரர் ஏதோ முணுமுணுக்கிறார். அண்ணி களுக்கென்று சிரித்து, அதை அடக்கிக்கொண்டு மறுபடி திட்டைத் தொடர்கிறார். முகப்பேர் பெட்டியில் அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

அண்ணி பொத்தானை அழுத்திக் கேசட்டை நிறுத்தினார். பிறகு காதுக்காரர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, ஊர்ல வேற கேசட்டே கெடைக்கலியா ஒனக்கு?"

"பாடறவங்கள நா நேர்ல கேட்டதே இல்லியே. அவுங்க கொரலு நெசமா எப்டி கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? ஒன்னத்தான் தெனம் கேக்குறேன்."

அண்ணி முந்தானையைச் செருகிக்கொண்டார். "கொழம்பு ஆறிக்கினு கீது. வா."

காதுக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னாலேயே ஓடினார்.

அன்று டெக்கில் விட்டுப்போன கேசட்டை அவர் திரும்பக் கேட்கவில்லை. அண்ணியின் சம்மதத்தோடு புதிதாக ஒன்று பதிவு செய்துகொண்டாராம். சொல்லி வைத்துத் திட்டியதில் காரம் குறைச்சல் என்று கடைசிவரை குறைப்பட்டார்.

அதன்பின் என் வீட்டுக்கு எத்தனையோ பெட்டிகள் வந்து போயின. அந்த ஒன்றை மட்டும் விற்க மனம் வரவில்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கும் நாட்களில் அந்தக் கேசட்டைப் போட்டு, அண்ணியிடம் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு, அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் சாப்பிட உட்காருகிறேன்.