கட்டணமில்லாத புல்லாங்குழல்

ஓர் இசை சோகமானது என்று நமக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? என் மகள் ஜெனியைப் பார்க்கும்போதெல்லாம் இதை யோசிக்கிறேன். விடை கிடைத்தபாடில்லை. (காலையில் இட்லியா தோசையா என்பதற்கே எனக்குச் சீக்கிரம் விடை கிடைக்காது, அது வேறு.)

ஜெனிக்கு அப்போது ஆறு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, காது மட்டும் நான்கு பேருக்கானது. மிக்ஸி ஓடினால் அலறுவாள். குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அதனால் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. என் போனுக்கு வாய் உண்டு என்பதையே நான் மறந்திருந்தேன். எல்லாம் சைலன்ட். பிறகு நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில், மற்ற பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். அங்கே அவளுக்கு எமன், பள்ளி மணிதான். பீரியட் முடிந்து அது அடிக்கும்போதெல்லாம் ஜெனி காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள், வகுப்பே நின்றுபோகும். சில பெற்றோர் தலைமையாசிரியையிடம் புகார் சொல்லிவிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"தஞ்சாவூர்ல இவங்களுக்குன்னே தனி ஸ்கூல் இருக்கும்மா. பேரண்ட்ஸ் மீட்டிங் வரைக்கும் பாப்போம். அன்னிக்கு நானும் வந்து உக்காருறேன்."

வகுப்பாசிரியை புவனா டீச்சர்தான் ஒரு வழி சொன்னார். ஒன்றாம் வகுப்புப் பக்கம் மணியை நிறுத்திவிட்டு, வகுப்புக்குள் சின்ன ஸ்பீக்கரில் மெல்லிய இசை. பாடம் மாறுகிறது என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் இதமாகத் தெரியும். ஆனால் முன்பு ஒருமுறை சினிமா மெட்டு ஓடிய வகுப்பு வீடியோவைப் பள்ளியின் யூடியூப்பில் ஏற்றி, காப்புரிமைப் புகார் வந்து, வீடியோ முடங்கியிருந்தது.

"அதனால ராயல்டி இல்லாத மியூசிக்கா பாத்து எடுத்துட்டு வாங்க ஜெனியம்மா. உங்க பொண்ணுக்கு எது ஒத்துக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அதைப் பரீட்சை ஆக்கிவிடுவேன். உரிம நிபந்தனைகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். (எம்.காம். படித்ததற்கு அன்றுதான் உபயோகம்.) 'இலவசம்', 'அமைதி' என்று தேடி, ஒவ்வொன்றையும் ஹெட்போனில் நான் கேட்டு, பிறகு ஜெனி காதில் வைத்தேன். பியானோவுக்கு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வயலினுக்கு என் கையைக் கடித்தாள். ஒரு புல்லாங்குழல் மட்டும் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு, தானே வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

என் கணவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். சம்பா அறுப்பு நேரம், வயலிலேயே கிடந்தார். போனில் கூப்பிட்டு, "நீங்களும் ஒரு தடவ கேளுங்களேன், எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"மெஷின் சத்தத்துல எனக்கு என்ன கேக்கப்போவுது? புல்லாங்குழல்தானே, அதுல என்ன தப்பு வந்துடும்?"

மீட்டிங் நாள். அன்று காலையில்தான் பாட்டைக் கொடுத்தேன், டீச்சருக்குக் கேட்டுப்பார்க்க நேரமில்லை. பெற்றோர் சுவரோரம் பெஞ்சுகளில். தலைமையாசிரியை கடைசியில். கணக்குப் பாடம் முடிந்தது. புவனா டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஸ்பீக்கரை அழுத்தினார்.

முன் பெஞ்சில் இருந்த ஒரு விவசாயி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர். பிறகு எல்லோரும்.

"யாருங்க?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"தெரியலையே. நம்ம தெருவுல யாரும் இழுத்துக்கிட்டு இல்லையே."

மூன்றாம் வரிசையில் தர்ஷினி என்ற பிள்ளை "தாத்தா பாட்டு" என்று சொல்லிவிட்டு, ஓவென்று அழுதாள். ஒரு பிள்ளை அழுதால் மற்றவை காரணம் கேட்பதில்லை. வகுப்பே அழுதது.

எங்கள் ஊரில் யார் இறந்தாலும், கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் போட்டோவை வைத்து ஒரு கண்ணீர் அஞ்சலி வீடியோ செய்து தருவார். உடனே எல்லோர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதுதான். எல்லா வீடியோவுக்கும் இதே புல்லாங்குழல். நானும் ஒன்று விடாமல் பார்த்து, கைகூப்பும் படம் அனுப்பியவள்தான். சத்தமில்லாமல் பார்த்திருக்கிறேன்.

ஜெனி அலறவில்லை. கணக்கு நோட்டைத் தானே பைக்குள் வைத்தாள். கலர் பென்சில்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். சிரித்தாள்.

எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள்: "பாரு, அது மட்டும் சிரிக்குது."



"இந்த மியூசிக் யாரு செலக்ட் பண்ணது?" என்று தலைமையாசிரியை கேட்டார். நான் பிள்ளைகளைப் போலவே கையைத் தூக்கினேன். தர்ஷினியின் அம்மா குறுக்கே வந்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். மாமனார் போனதுலேர்ந்து எம்பொண்ணு ஒரு சொட்டு அழல. சாப்பாடும் சரியில்ல. அழுவட்டும்."

தலைமையாசிரியை ஜெனியின் பென்சில் வரிசையைப் பார்த்தார். "இவ இருக்கட்டும். பாட்டும் இருக்கட்டும். மத்ததுங்களுக்குப் பழகிடும்" என்று எழுந்து போய்விட்டார்.

பழகிவிட்டது. இப்போது ஊரில் எங்கே அந்தப் புல்லாங்குழல் கேட்டாலும் எங்கள் வகுப்புப் பிள்ளைகளின் கை தானாகப் பைக்குப் போகிறது. ஸ்டுடியோக்காரர் என்னைக் கண்டால், "நானும் சினிமாப் பாட்டு போட்டு வீடியோ முடங்கித்தான் இதுக்கு வந்தேன்க்கா. நல்ல ட்யூன். அழுகை வரும், காப்பிரைட் கிளைம் வராது" என்கிறார். என் கணவரோ, நான் போனில் எதைப் போட்டாலும் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "யாரு?" என்கிறார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், போன மாதம் அவருடைய பெரியப்பா இறக்கும்வரை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் யாரோ போனில் வீடியோவைப் போட்டார்கள். கூட்டத்துக்குப் பயந்து கொல்லையில் நின்ற ஜெனி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். பெட்டியோரம் உட்கார்ந்து, பென்சில்களைப் பரப்பி, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த இசை ஊருக்கு என்னவென்று அவளிடம் சொல்லிவிடலாமா? சொன்னால், அவளுக்கு வலிக்காத ஒரே சத்தத்தையும் நானே கெடுத்துவிடுவேனோ? சொல்லாவிட்டால், எத்தனை சாவு வீட்டில் அவளைச் சிரிக்க விடுவது? இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். பெரியப்பாவின் நாற்பதாம் நாள் வருகிறது. அவளையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.