கார்பனைல் பாடமும் ஒரு தீயணைப்பு வண்டியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். சமையலறைச் சன்னல் மட்டும் நலமில்லை. உங்கள் உடம்பும் வயிறும் எப்படி என்று மாமியார் கேட்கச் சொன்னாள்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் மனைவியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு நீங்கள் வர வேண்டாம். போன கருத்தரங்கில் பேச எழுந்தவளுக்கு, கூட்டத்தில் உங்களைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டதாம். ஆராய்ச்சியே வேண்டாமென்று இங்கே வந்து படுத்தவளை இப்போதுதான் எழுப்பி உட்கார வைத்திருக்கிறோம்.

எழுப்பியது நாங்களில்லை, தீயணைப்புத் துறை. எங்களிடம் சொல்லிப் பழகு என்று நான்தான் வற்புறுத்தினேன். கூடத்தில் நின்று, "இப்ப கார்பன் மோனாக்சைடு வருது" என்று ஈனக்குரலில் ஆரம்பித்தாள். அடுப்படியிலிருந்த மாமியார் காதில் அந்த ஒரு வரிதான் விழுந்தது. ஆளைக் கொல்லும் வாயு என்று எங்கோ படித்திருக்கிறாள். அடுப்பை அணைத்து, திறக்காத சன்னலை இரும்புக் கரண்டியால் உடைத்து, போன் போட்டு, என்னைச் சட்டைகூட இல்லாமல் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டாள். வண்டி வந்தது, பின்னாலேயே தெருவும் வந்தது. வெறும் பாடம்தான் என்றேன். சட்டை போடாதவன் பேச்சை யார் நம்புவார்கள்?

அதிகாரி கருவியோடு வீடெல்லாம் சுற்றிவிட்டு ஒன்றுமில்லை என்றார். திட்டப்போகிறார் என்று நான் கைகட்டி நிற்க, அவர் மகளிடம் திரும்பினார். "புகையில மாட்டினவங்களை நிறையத் தூக்கியிருக்கேன்மா. அந்த வாயு ரத்தத்துல ஒட்டினா ஏன் லேசுல விடமாட்டேங்குது?"

"ஒட்டுறது ரத்தத்துல இருக்குற இரும்போடண்ணே. கார்பன் தன்னோட எலக்ட்ரான் ஜோடியை இரும்புக்குக் கொடுக்குது. இரும்பும் வாங்கிட்டுச் சும்மா இருக்கறதில்ல, அந்த வாயுவுல காலியா இருக்குற இடத்துக்குத் தன்னோடதைத் திருப்பிக் கொடுக்குது. ரெண்டு பக்கப் பிடி. நான் படிக்கிற நிக்கல் கார்பனைல்லயும், அதாவது இதே வாயு நிக்கலோட ஒட்டுறதுலயும், இதே கதைதான்."

குரல் நடுங்கவில்லை, மாப்பிள்ளை. அப்படித் திரும்பி வந்த எலக்ட்ரான்களால் கார்பனுக்கும் கூடவே இருந்த ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு கொஞ்சம் தளரும் என்றும் சொன்னாள். மாமியாருக்கு அது மட்டும், கல்யாணமாகிப் போன மகளும் தானுமாகப் புரிந்துவிட்டது.

"தளருமா, அறுந்தே போயிடுமா?"

"தளரும்மா. அறாது."

கரண்டியைக் கூடக் கீழே வைக்காமல் மகளைக் கட்டிக்கொண்டாள். நான் சட்டை தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அன்று முதல் இவள் வாய் ஓயவில்லை. பால்காரருக்கே நிக்கல் அத்துப்படி. ஆகவே காரியம் கெடாமல், தேர்வு முடிந்த பிறகு வாருங்கள். எங்கள் ஆசி எப்போதும் உண்டு, நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மகளிடம் படித்துக் காட்டினேன். "ஏம்ப்பா வர வேணாம்னு எழுதினீங்க? முன் வரிசையில அவருக்கு இடம் சொல்லி வச்சிருக்கேனே" என்கிறாள். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வியாழனே கிளம்பி வாருங்கள்.