மனைவிக்கு ஒரு சிநேகிதி தேவை

எதிர்வீட்டுக் கதவு நான்கு விரல் அகலம் திறந்தது. சங்கிலியை எடுக்கவில்லை. இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். அவருக்கு ஒரு கண் போதும். அது சுருங்கிய விதத்தைப் பார்த்து, கிட்டப்பார்வை என்று மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"ஸ்க்ரூ டிரைவர் கிடைக்குமா சார்? புதுசா குடி வந்திருக்கோம்."

"எப்போ வந்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு."

இடுக்கு வழியாக ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அவரிடமே மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள் இருந்தன. தேவைப்பட்டது சிநேகம். அதுவும் அவருக்கில்லை, மனைவிக்கு.

முந்தின நாள்தான் அவள் கெடு வைத்திருந்தாள். அன்று கடைக்கு வந்த பதினேழு பேரின் பார்வைக் கோளாறுகளையும் அவர் ஒன்று விடாமல் விவரித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பேச ஒரு ஆள் இல்லாம இந்த ஊர்ல எத்தனை நாளைக்குங்க ஓட்டுறது? இந்த மாசம் முடியறதுக்குள்ள சாயங்காலத்துல நம்ம வீட்டுக்கு ஒருத்தர்கூட வரலைன்னா, பழைய ஊருக்கே மாத்தல் கேட்டு எழுதிடுங்க."

எழுதிவிடலாம். ஆனால் பழைய கடையில் பிரிவுபசாரம் நடத்தி, அதில் இவர் தேம்பி அழுது, சுவர்க்கடிகாரம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். எந்த முகத்தோடு திரும்பிப் போவது? அதைவிட, பகலெல்லாம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பு அவரைக் குடைந்தது. கடையில் எழுத்துப் பலகையை அவரே தப்பாகப் படித்தார். வாடிக்கையாளர் திருத்தினார்.

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுத்தார். அதே இடுக்கு அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

அடுத்ததாக லிஃப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். 'இலவசக் கண் பரிசோதனை. வீட்டுக்கே வருகிறோம். பெண்களுக்கு முன்னுரிமை.'

சாயங்காலமே குடியிருப்போர் சங்கச் செயலாளர் போன் செய்தார்.

"அதென்ன சார், பெண்களுக்கு முன்னுரிமை?"

"என் மனைவிக்காகத்தான் சார்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா."

செயலாளர் அந்த வரியை உடனே அடித்துவிடச் சொன்னார்.

அடித்த பிறகு ஒரே ஒரு அழைப்பு வந்தது. மூன்றாம் மாடி டீச்சர். நம்மவர் பெட்டியோடு அங்கே போனார்.

"சின்ன எழுத்தெல்லாம் கொஞ்சம் மங்குது சார்."

"வெள்ளெழுத்து மேடம். நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்."

"எனக்கு முப்பத்தாறு."

"உங்களுக்கு இருக்கலாம் மேடம். கண்ணுக்கு நாப்பத்தஞ்சு," என்றார் ஆறுதலாக.

டீச்சர் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

மனைவிக்கு வாய்த்திருக்க வேண்டிய ஒரே சிநேகிதி. எப்படியாவது சமாதானப்படுத்தியாக வேண்டும். டீச்சர் போனை எடுக்கவில்லை. குடியிருப்பின் வாட்ஸப் குழு இருந்தது. 'மூன்றாம் மாடி டீச்சர் மன்னிக்கவும். வெள்ளெழுத்து ஒரு குறையே அல்ல. உங்கள் வயதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று அதில் போட்டார்.

குழுவில் நூற்றிருபது வீடு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவசரமாக அழித்தார். அதுவரை கவனிக்காதவர்கள், என்னத்தை அழித்தார் என்று கவனித்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

மாதம் முடிய நான்கு நாட்கள். வேறு வழி தெரியாமல் அதே குழுவில் எழுதினார்: 'ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் டீ. எல்லோரும் வர வேண்டும்.'

"யாரைக் கேட்டுக் கூப்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"உனக்காகத்தாம்மா."

"எனக்காகவா?" அவரையே சிறிது நேரம் பார்த்தாள். "ஒருத்தரும் வரலைன்னா ரொம்ப வருத்தப்படுவீங்களா?"

"என்னை விடு. உனக்குத்தான் தாங்காது."

அவள் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழத்தான் போகிறாள் என்று அவர் முடிவு கட்டினார்.

ஞாயிறு ஐந்து மணிக்கு உட்கார இடமில்லை. வாட்ச்மேன் சங்க அறையிலிருந்து நாற்காலிகள் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது.

பெண்கள் நேரே சமையலறைக்குப் போனார்கள். டீச்சர் யாரையும் கேட்காமல் மேல் அலமாரியைத் திறந்து சர்க்கரை டப்பாவை எடுத்தார். கெட்டிக்காரப் பெண்மணி, கண்தான் கொஞ்சம் மங்கல் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "லென்ஸெல்லாம் எப்படி சார் செய்யறாங்க?" என்று கேட்டார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் வந்தார். எதிர்வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஆர்வமாகத் தலையாட்டினார்.

உள்ளே மனைவி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இந்த ஊருக்கு வந்தபின் அவர் கேட்காத சிரிப்பு. ஒரே சாயங்காலத்தில் அவளுக்கு இத்தனை சிநேகிதிகளைத் தேடிக் கொடுத்துவிட்டார்.

எல்லோரும் கிளம்பினார்கள். டீச்சரோடு பேசிக்கொண்டே மனைவியும் படியிறங்கிப் போய்விட்டாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வாட்ச்மேன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"சார், அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்ககூட வந்து பேசறதுக்கு வீட்டுக்கு வீடு கிழமை பிரிச்சுக் குடுத்தாங்க இல்ல, அதுல எனக்கு வெள்ளிக்கிழமை விழுந்திருக்கு. அன்னைக்கு எனக்கு லீவு."