குதிரையை மறித்த குமிழி மேடம்

தில்லியில் கல்யாண ஊர்வலத்தை நிறுத்தும் தைரியம் போலீஸுக்கே கிடையாது. நானறிய அதைச் செய்த ஒரே ஜீவன் எங்கள் குமிழி மேடம்தான்.

தெற்கு தில்லியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் நான் ஆபீஸ் உதவியாளன். மேடம் அங்கே விஞ்ஞானி, மதுரைக்காரர். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள் புரத இழைகளை அடைத்து, செயற்கையாக ஓர் உயிரணுவைக் கட்டுவது அவர் வேலை.

“ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சாரம் கட்டியிருக்கு தம்பி. வடிவம் குடுக்குறதும் அதுதேன், நகத்துறதும் அதுதேன்” என்பார். இவர் கட்டிய சாரமோ சும்மாவே கிடந்தது. குமிழிகள் கோலிக்குண்டு மாதிரி உட்கார்ந்திருந்தன.

மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, “எந்திரிடா ராசா, கொஞ்சம் நீளு” என்று கெஞ்சுவார். அரை மணியில், “சோம்பேறிப் பயலே!” என்று கத்துவார். புதிதாகச் சேர்ந்த பஞ்சாபிப் பெண், திட்டு தனக்குத்தான் என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சமாதானம் சொல்லி அழைத்துவர நான் பஸ் ஸ்டாப் வரை ஓடினேன்.

ஒருநாள் சாயங்காலம். மறுநாள் நிபுணர் குழு வருகிறது. காட்ட ஒன்றுமில்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. திடீரென்று மேடத்தின் குரல்: “தம்பி, இங்கிட்டு ஓடி வா! ஒருத்தன் அசையுறான்!”

நான் உள்ளே நுழையவும் தெருவில் கல்யாண மேளம் இடிக்கவும் சரியாக இருந்தது. அந்த அதிர்வில் மைக்ரோஸ்கோப் திரையில் படம் கிடுகிடுவென்று ஆடியது. மேடம் வெள்ளைக் கோட்டோடு தெருவுக்குப் பாய்ந்தார். மாப்பிள்ளையின் குதிரைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“பையா, பாஞ்ச் மினட்! டோல் பந்த்! அந்தர் ஏக் பச்சா கடா ஹோ ரஹா ஹை!”

ஐந்து நிமிஷம் மேளத்தை நிறுத்தணுமாம், உள்ளே ஒரு குழந்தை எழுந்து நிற்கிறதாம்! மாப்பிள்ளை குதிரைமேலிருந்தே கையை உயர்த்தினார். மேளம் அடங்கியது. அத்தைமார்கள் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். “எந்த வார்டு?” என்று ஒருவர் இந்தியில் என்னைக் கேட்டார். நான் எல்லாத் திசையிலும் தலையாட்டிவிட்டு மேடத்தின் பின்னால் ஓடினேன்.

திரையில், குமிழிக்குள் இழைகள் ஒன்றுசேர்ந்து சவ்வைத் தள்ளின. உருண்டை மெல்ல ஒரு பக்கம் நீண்டது. பஞ்சாபிப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தாள். பிறகு, பட்!

“வெடிச்சிடுச்சே மேடம்!”

“வெடிக்கட்டும்ப்பா. எந்திரிச்சு நின்னான்ல? இனி நடக்க வச்சுரலாம்.”

வாசலில் மாப்பிள்ளை இன்னும் காத்திருந்தார். “பச்சா?” என்றார் கவலையோடு.

“கடா ஹோ கயா!” என்று கூவினார் மேடம். எழுந்து நின்றுவிட்டதாம்!

மேளம் வெடித்தது. மேடத்தை நடுவில் இழுத்துவிட்டார்கள். மனுஷி பிரமாதமாக ஆடினார். பந்திக்கும் எங்களை விடாமல் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் குழு அந்தப் பதிவைப் பார்த்து ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பந்திதான். தட்டோடு ஓரமாக நின்ற மேடத்தின் கண்ணில் தாரையாக நீர்.

“என்ன மேடம், அழறீங்களா?”

“சேச்சே. காரம்ப்பா.”

தட்டில் இருந்தது குலாப் ஜாமூன் மட்டும்தான். நான் என் கைக்குட்டையை நீட்டினேன்.