வாசலில் மட்டும் ‘யாரு?’

மனைவி கதவைத் தட்டினால்கூட ‘யாரு?’ என்று கேட்டு, பதில் வந்த பிறகும் ஓட்டை வழியாகப் பார்த்து, அப்போதும் சங்கிலியைக் கழற்றாமல் ஒரு விரற்கடை மட்டும் கதவைத் திறக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். அது ஒரு தனி இனம். கல்யாணமான நாளிலிருந்து காய்கறிப் பையோடு வாசலில் நின்று நின்று, அந்த இனத்தை நன்றாகப் பார்த்து வைத்திருப்பவள் பெட்டிக்காரரின் மனைவி.

சிம் போட்ட சின்னப் பெட்டிகளைக் கடை ஃபிரிட்ஜுகளில் பொருத்துவது அவர் தொழில். உள்ளே குளிர் எவ்வளவு என்று பெட்டி கடைக்காரரின் போனுக்குச் சொல்லும். பேசுவது அந்தப் பெட்டிதானா என்று மறுமுனை தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி ரகசிய எண்ணும் போட வேண்டும். சின்னப் பெட்டிக்குப் பாரமாகாத எளிய ஏற்பாடு. ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

செய்வாரா? முதல் பெட்டியில் போட்டதையே அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் நகலெடுப்பார். “சுண்டைக்காய் சாமான். இதுக்கெல்லாம் யாரு மெனக்கெடுவா?” என்பார். தன் போனுக்கு மட்டும் கைரேகை, முகம், போதாததற்கு முழ நீளத்துக்கு ஓர் எண்.

மனைவியின் தங்கை மருந்துக்கடை வைத்திருக்கிறாள். விடுமுறைக்குக் கடை மூடியிருந்த நாட்கள் முழுவதும் அவள் போன், குளிர் சரியாக இருக்கிறது என்றே சொன்னது. திறந்து பார்த்தால் ஃபியூஸ் போய் ஃபிரிட்ஜ் நின்றிருந்தது. அதோடு பெட்டியும் செத்திருந்தது. இன்சுலின் முழுக்கப் பாழ். அப்படியானால் இத்தனை நேரம் பதில் சொன்னது யார்? அதே பெயரும் அதே எண்ணும் கொண்ட, நாலு கடை தள்ளியிருந்த பால் கடைப் பெட்டி!

ஊசி மருந்துக்கு வந்த பெரியவரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, தங்கை நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள்.

“மாமா, போனை நம்பி அந்த மருந்தை அவருக்குக் குடுத்திருந்தா?”

அவர் நெட்வொர்க்கைத் திட்டினார், மின்சாரத்தைத் திட்டினார், ஒரு பாவமும் அறியாத பால் கடைக்காரரையும் விடவில்லை. தன்னை மட்டும் விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி கதவைத் தட்டினாள்.

“யாரு?”

“சுண்டைக்காய் ஆளுதான். மெனக்கெடாம தொறங்க.”

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டு அலமாரி மேல் உட்கார்ந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கேமரா, வாங்கி வந்த அன்றிருந்த ரகசிய எண்ணோடுதானே இன்னும் இருக்கிறது?

மருந்துக்கடைப் பெட்டிக்கு இன்று தனி எண் உண்டு. வேறு ஆள் வந்து போட்டார். மற்ற கடைகளின் பெட்டிகள் பழைய எண்ணிலேயே ஓடுகின்றன. பெட்டிக்காரர் வீட்டுக் கதவில் இரண்டாவது சங்கிலி மாட்டியாயிற்று.